கொழும்பில் நான் இருந்தது ஆஸ்பத்திரியில் இல்லை

மகனுக்கு,

அம்மை எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் சுகம். வடக்கு வயலில் நடவு முடிந்தது, செவலைப் பசு கன்று போட்டிருக்கிறது, உன் அப்பாவின் முழங்கால் வலி விருந்து வீடுகளுக்குப் போகும்போது மட்டும் காணாமல் போய்விடுகிறது. சுக விசாரணை இத்துடன் முடிந்தது. இனி உன்னோடு எனக்குச் சண்டை.

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. கல்யாணத்துக்கு லீவு கிடைத்ததையும், திருவனந்தபுரத்தில் வாடகைக்கு வீடு பார்த்ததையும், வீட்டுக்குப் பின்னால் நல்ல தண்ணீர்க் கிணறு இருப்பதையும் பெரிய பெரிய எழுத்தில் எழுதிவிட்டு, கடைசியில் தாளின் ஓரத்தில் நெருக்கி நெருக்கி ஒன்று எழுதியிருக்கிறாய். கொட்டாரத்துப் பெண்ணின் தகப்பனார் உன்னை வந்து பார்த்தாராம். ‘உங்கள் தாயார் கொழும்பில் கொஞ்ச நாள் இருந்தார்களாமே’ என்று கேட்டாராம். ஆமாம், காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள் என்று நீ சொல்லிவிட்டாயாம். யாராவது கேட்டால் நானும் அதையே சொல்ல வேண்டுமாம். இல்லாவிட்டால் கல்யாணம் நின்றுபோகுமாம், எஸ்தரை விட்டால் உனக்கு வேறு பெண் வேண்டாமாம். வாசித்ததும் முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது, வந்த கோபம் இன்னும் போகவில்லை.

உன் அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “பய சொல்லதிலயும் ஒரு ஞாயம் இருக்கு, கேட்டியா” என்றார். ஞாயம் இல்லாமல் இருக்குமா? அந்த ஆஸ்பத்திரியை முதன்முதலில் கட்டியவரே அவர்தானே. நான் கொழும்பில் உள்ளே இருந்த மாதத்தில், எனக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்று ஊருக்கு எழுதிப் போட்டவர் அவர். அப்பனும் மகனுமாக ஒரே ஆஸ்பத்திரியில் என்னை இரண்டு தடவை படுக்கவைத்துவிட்டீர்கள். நான் அங்கே ஒரு நாளும் படுத்ததில்லை மக்கா. நான் இருந்தது ஜெயிலில். அபின் கொண்டுபோன குற்றத்துக்கு ஒரு மாதம். நம் ஊர்க் கோழிக்குக்கூடத் தெரிந்த விஷயத்தை நீ யாரிடம் மறைக்கப் பார்க்கிறாய்? ஆனால் ஒன்று, முழுக் கதையையும் உனக்கு யாரும் சொன்னதில்லை. அப்போது நீ சின்னப் பையன், சித்தி வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தேன். பிறகு நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். முடிகிற வரைக்கும் எழுந்து போகாமல் வாசி.

அப்போது உன் அப்பா கொழும்பில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். உன் அத்தையும் அங்கேதான், மாசமாக இருந்தாள். அதற்கு முந்தின பேறுகாலத்தில் அவளுக்கு வயிற்றுக்கடுப்பு வந்து, பிழைத்ததே பெரிய காரியம். இந்தத் தடவை கூட இருக்க ஆள் வேண்டும் என்று என்னை வரச்சொன்னார்கள். நம் பக்கத்தில் பேறுகாலத்துக்குப் போகிறவள் கையை வீசிக்கொண்டா போவாள்? வைத்தியரிடம் கேட்டு நானே லேகியம் கிண்டினேன். சுக்கு, சாதிக்காய், கருப்பட்டி, நெய், கடைசியில் கடுப்பை நிறுத்த அளவாக அபின். ஒருவேளை கடுப்பு மிஞ்சிப்போனால் கரைத்துக் கொடுக்கட்டும் என்று தனியாக ஒரு கட்டி அபினும் வாங்கிவைத்தேன். கோட்டாறு சந்தைக்குப் பக்கத்தில் சர்க்கார் லைசென்ஸ் கடையில், உப்பு வாங்குகிறவர்களைப்போல் வரிசையில் நின்று வாங்கினது. ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் வாங்கினார்கள், வயிற்றுவலிக்காரக் குழந்தைக்குக் கடுகளவு உரசி நாக்கில் தடவினார்கள். மருந்து என்பதற்கு மேல் அதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. லேகியத்தைப் பீங்கான் பரணியில் நிரப்பி, வாயைத் துணியால் கட்டினேன். கட்டியைப் பெட்டியின் அடியில் புடவைக்குள் வைத்தேன்.

தூத்துக்குடியில் கப்பல் ஏறின நேரம் முதல் எனக்கு வாந்தி. பக்கத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண் இருந்தாள், பேர் பேச்சி. புருஷன் கொழும்புத் துறைமுகத்தில் மூட்டை சுமக்கிறவன், அவனிடம் போய்க்கொண்டிருந்தாள். வழி முழுக்க என் தலையைப் பிடித்துவிட்டதும் வாயைத் துடைத்துவிட்டதும் அவள்தான். கரையில் இறங்கும்போது எனக்குக் கால் நிற்கவில்லை. “அக்கா, நீங்க பெட்டிய மட்டும் புடிங்க, அந்தச் சாடிய எங்கிட்டத் தாங்க” என்று பரணியை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஒரு இடுப்பில் குழந்தை, ஒரு இடுப்பில் என் லேகியம்.

சுங்கத்தில் என்னை ஒன்றும் கேட்கவில்லை. குடை, வேதப்புத்தகம், முழுக்கை ரவிக்கை போட்ட படித்த பெண்பிள்ளை, போ என்று கையைக் காட்டிவிட்டார்கள். பேச்சியை நிறுத்தினார்கள். துணியை அவிழ்த்து மோந்து பார்த்த அதிகாரி “அபின்” என்று கத்தினான். இரண்டு பேர் ஓடிவந்து அவள் கையைப் பிடித்தார்கள். குழந்தை வீறிட்டது. அவள் திரும்பி என்னைக்கூடக் காட்டவில்லை மகனே, “எனக்குத் தெரியாது சாமி, எனக்குத் தெரியாது” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் உன் அப்பா நின்றார். விஷயம் அவருக்குப் புரிந்துவிட்டது. வா, திரும்பிப் பார்க்காமல் வா என்று கையால் கூப்பிட்டார். இன்னும் கொஞ்சம் நடந்தால் நான் வெளியே.

நான் திரும்பினேன். இந்த இடத்தை இரண்டு தடவை வாசி, இதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். யோசித்துத் திரும்பினேன் என்று பெருமையடிக்க மாட்டேன், யோசிக்க நேரமில்லை. அந்தக் குழந்தையின் சத்தத்தை முதுகில் வாங்கிக்கொண்டு நடக்க எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். போய் நின்று, “அய்யா, அது எனக்க பரணி. அந்தப் பிள்ளைக்கு அதுல ஒண்ணும் தெரியாது, விடுங்க” என்றேன். அதோடு என் வாயை மூடியிருந்தால் லேகியத்தைப் பிடுங்கிக்கொண்டு, திட்டி அனுப்பியிருப்பார்களோ என்னமோ. ஆனால் அந்த அதிகாரி “திருட்டு அபினா?” என்று கேட்டுவிட்டான். என்னையா? நாஞ்சில் நாட்டிலிருந்து வந்தவளையா? “திருட்டா? கோட்டாத்துல சர்க்கார் லைசென்ஸ் கடையில பட்டப்பகல்ல வாங்கினதாக்கும்! வேணும்னா பாரும்!” என்று பெட்டியைத் திறந்து, யாருமே தேடாத அந்தக் கட்டியை, கடைக்காரன் சுற்றிக்கொடுத்த தாளோடு எடுத்து மேசைமேல் வைத்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் உன் அப்பா இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நம் சர்க்கார் முத்திரை குத்திக் கொடுத்தது எந்த ஊரிலும் செல்லும் என்று நம்பின பைத்தியக்காரி நான். அடுத்த தேசத்தில் காலை வைக்கிறவன் முதலில் அந்தத் தேசத்துச் சட்டத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நாளைக்கு உத்தியோகத்தில் உன்னை எங்கே மாற்றினாலும் இதை மறக்காதே.

வழக்கு நடக்கிற வரைக்கும் ஜாமீனில் அத்தை வீட்டில் இருந்தேன். பேச்சியின் பேரிலும் வழக்கு இருந்தது, பரணி அவள் இடுப்பில்தானே இருந்தது. உன் அப்பாவின் கடை முதலாளி ஒரு வக்கீலைக் கூட்டிவந்தார். வக்கீல் காப்பி குடித்துக்கொண்டே வழி சொன்னார். சாடி அவளுடையது, கட்டியை எனக்கு மயக்கமாக இருந்தபோது அவள் என் பெட்டிக்குள் வைத்துவிட்டாள், இப்படிச் சொன்னால் போதும், படித்த பெண் சொல்வதைத்தான் கோர்ட்டு நம்பும் என்றார். நான் உன் அப்பாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, “அவளுக்கு இதெல்லாம் பழகிப்போகும். உனக்கு அப்படியா? மானம் போயிரும் பிள்ளே” என்றார். “மானம் எனக்கு மட்டுந்தானா? பால்குடி மாறாத குழந்தைய என்ன செய்வீங்க, அதையும் சேத்து உள்ள போடுவீங்களா?” என்றேன். வக்கீல் குடித்த காப்பி பாதியோடு நின்றது. அதற்குமேல் அந்தப் பேச்சு அந்த வீட்டில் எழவில்லை.

கோர்ட்டில் வெள்ளைக்கார மாஜிஸ்ட்ரேட். அவர் கேட்பதைத் தமிழில் சொல்ல ஒரு துபாஷி. எந்தத் தேசம் என்றார். திருவிதாங்கூர் என்றேன். அப்படியானால் பிரிட்டிஷ் பிரஜை இல்லையா என்றார். “இல்ல, எங்களுக்கு மகாராசா உண்டு” என்றேன். ஜனங்கள் சிரித்தார்கள். எனக்காக அங்கே பேச எந்த சர்க்காரும் இல்லை என்பது அந்தச் சிரிப்பில்தான் எனக்கு விளங்கியது. சரி, நானே பேசுகிறேன் என்று, லேகியத்தை எப்படிக் கிண்டினேன், எதற்குக் கிண்டினேன், அது பேச்சியின் இடுப்புக்கு எப்படிப் போனது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். நீ சொல்வதை நம்புகிறேன், ஆனால் கட்டி கட்டிதான், சட்டம் சட்டந்தான் என்று ஒரு மாதம் தண்டனை போட்டார். பேச்சியை அந்த இடத்திலேயே விடுதலை செய்தார். அவள் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே போவதைக் கண்ணால் பார்த்தேன் மகனே. தண்டனை கிடைத்தவள் நான், ஜெயித்தவளும் நான். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு உன்னைப் பெற்ற அன்றைக்கு வந்தது, அப்புறம் அந்த நிமிஷத்தில்தான்.

பயமில்லை என்று சொன்னால் பொய். உள்ளே கதவைச் சாத்தினபோது கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பெண்கள் பகுதியில் எல்லோரும் சிங்களம் பேசினார்கள். சாப்பிடு என்கிறார்களா, எழுந்திரு என்கிறார்களா, ஏசுகிறார்களா, ஒன்றும் விளங்கவில்லை. முதல் நாள் அழுதேன். அடுத்த நாள் தலை சீவினேன். கொடுத்த சிவப்பரிசிச் சோற்றை மிச்சம் வைக்காமல் தின்றேன். தேங்காய்மட்டையை அடித்துத் தும்பு, அந்த நார், எடுக்கிற வேலை, லேஸ் பின்னிப் பழகின என் விரலெல்லாம் கொப்புளம். கள்ளச்சாராயம் காய்ச்சி உள்ளே வந்த சோமாவதி என்றொருத்தி என் கையைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள், சிரித்துவிட்டு, மட்டையை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று காட்டியும் தந்தாள். அவளிடம்தான் பேச்சு படித்தேன். தண்ணீருக்கு வதுர, சோற்றுக்கு பத். ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு அவள் உயிரை வாங்கினேன். துறைமுகப் பக்கத்திலிருந்து இரண்டு தமிழ்ப் பெண்களைப் பிடித்துக் கொண்டுவந்தபோது, அவர்கள் சொல்வது பெண்கள் பகுதிக்குப் பொறுப்பான மேட்ரனுக்குப் புரியவில்லை. நான் எழுந்து போய் அரைகுறைச் சிங்களத்திலும் பள்ளிக்கூட இங்கிலீஷிலும் சொல்லிக்கொடுத்தேன். அதற்குப் பிறகு தமிழ் பேசுகிற யார் வந்தாலும் மேட்ரன் என்னைத்தான் கூப்பிடுவாள். வாயில்லாதவளாக உள்ளே போனேன், மாதம் முடியும்முன் அந்த இடத்துக்கே துபாஷியாகிவிட்டேன். பரதேசத்தில் மாட்டிக்கொண்டால் மூலையில் உட்கார்ந்து ஊரை நினைத்துக்கொண்டிருக்காதே. பக்கத்தில் இருப்பவளிடம் தண்ணீருக்கு என்ன பேர் என்று கேள். மற்றதெல்லாம் தானாக நடக்கும்.

வெளியே வந்த அன்று வாசலில் உன் அப்பா நின்றார், பக்கத்தில் பேச்சியும் அவள் புருஷனும் செவ்விளநீர்க் குலையோடு நின்றார்கள். அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையில் காவல்காரனே முகத்தைத் திருப்பிக்கொண்டான். இதற்கிடையில் உன் அத்தை, என் லேகியம் ஒரு துளியும் இல்லாமலே, பெண்ணைப் பெற்றுவிட்டு ஜம்மென்று உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் “மைனி, மருந்து எங்க?” என்றாளே பார், அடிக்கக் கை வந்தது.

ஊருக்கு வந்ததும் உன் அப்பாவின் ஆஸ்பத்திரியை நான்தான் இடித்தேன். கேட்டவர்களிடமெல்லாம் ஜெயில் என்றே சொன்னேன். நம் சபை வழக்கம் உனக்குத் தெரியும், ஊர் அறியக் குற்றப்பட்டவர்கள் ஆராதனையில் எழுந்து மன்னிப்புக் கேட்கிற வரைக்கும் திருவிருந்து அப்பம் கிடையாது. எனக்கும் அப்படியே சொன்னார்கள். திருவிருந்து ஞாயிற்றுக்கிழமை போதகர் அய்யரைப் பார்த்து எழுந்து நின்றேன். “அபின் கொண்டுபோனது அந்த ஊர்ச் சட்டத்துக்குத் தப்பு. அதுக்கு ஒரு மாசம் இருந்து தீத்தாச்சு. அத பேச்சி தலையில போட்டுட்டு வந்திருந்தா இங்க முட்டுக்குத்தி அழுதிருப்பேன். போடலியே. பொறகு எதுக்கு மன்னிப்பு கேக்கணும், அய்யரே சொல்லும்” என்றேன். போதகர் கையிலிருந்த புத்தகத்தை மூடினார். அப்புறம் “முன்னால வாம்மா” என்றார். பெண்கள் வரிசையில் நகர்ந்து இடம்விட்டார்கள். அன்றைக்கு அப்பத்தை வாங்கின கை இந்தக் கைதான், தும்பெடுத்த காய்ப்பு அப்போதும் ஆறவில்லை.

இவ்வளவையும் உனக்கு எழுதிவிட்டுச் சும்மா இருந்துவிடுவேன் என்று நினைக்காதே. நேற்று உன் அப்பாவை இழுத்துக்கொண்டு சுசீந்திரத்தில் பஸ் ஏறிக் கொட்டாரத்துக்குப் போனேன். நான் சொல்வதால் கல்யாணம் நின்றால் நிற்கட்டும் என்று துணிந்துதான் போனேன், ஆனால் பஸ்ஸில் வழி முழுக்க ஜெபம் பண்ணிக்கொண்டேதான் போனேன். எஸ்தர்மேல் உனக்கு உயிர் என்று எனக்குத் தெரியாதா? பெண்ணின் தகப்பனார் கடையை மகனிடம் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். “சம்பந்தக்காரரே, எனக்க பய சொன்ன ஆஸ்பத்திரி பொய். நான் கொழும்புல ஜெயில்லயாக்கும் இருந்தேன், அபின் கேசுல” என்று தொடங்கி, உனக்கு எழுதினதை எல்லாம் சொன்னேன்.

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். நான் முடித்ததும், “எனக்குத் தெரியும்மா” என்றார். “நீங்க கோயில்ல எழும்பி நின்ன அண்ணைக்கு நானும் அங்க உண்டு. அக்கா வீட்டுக்கு வந்திருந்தேன். பிள்ளைக்கு மாப்பிள பாக்கணும்னு வந்தப்ப, அந்த அம்மைக்க மகன் இருக்கானான்னு தான் மொதல்ல விசாரிச்சேன். அத மாப்பிள வாயால ஒருக்கா கேக்கணும்னு ஆசப்பட்டுக் கேட்டேன். அவரு ஆஸ்பத்திரின்னாரு. அண்ணையிலயிருந்து எனக்கு மனசு சரியில்ல” என்றார். மகனே, நீ எதை மறைத்தால் பெண் கிடைக்கும் என்று நினைத்தாயோ, அதற்காகத்தான் உன்னைத் தேடி வந்திருக்கிறார்கள். நான் தலையை நிமிர்த்தி உட்கார்ந்தேன். இத்தனை வருஷத்தில் அப்படி நான் உட்கார்ந்ததில்லை.

அப்போது எஸ்தர் உள்ளேயிருந்து தானாக வந்து நின்றாள். தகப்பனார் முறைத்தார், அவள் அசையவில்லை. “மாமி, கல்யாணம் வேண்டாம்னு நான் சொல்லல. ஆனா நாளைக்கு எனக்கு ஒரு ஆபத்து வந்தா, இவரு எனக்கும் ஒரு ஆஸ்பத்திரி பாத்து வைப்பாரா? அது எனக்குத் தெரியணும். அவரு வந்து, எங்க அப்பா முன்னால, அவரு வாயால சொல்லட்டும்” என்றாள். உன் அப்பாதான் எழுந்தார். “அந்த ஆஸ்பத்திரிய மொதல்ல எழுதினது நானாக்கும் மக்களே. பய எங்கிட்டயிருந்து படிச்சது” என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. என்னைக் கட்டின நாளிலிருந்து அவர் சொன்ன பேச்சுகளிலேயே ஆக நல்ல பேச்சு இதுதான். திரும்பி வருகிற பஸ்ஸில் அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் வந்தேன், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

பந்தல்காரனுக்குச் சொல்லியாகிவிட்டது, புடவை எடுக்க நாளும் பார்த்தாகிவிட்டது. எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஒரு வேலைதான் பாக்கி, அது உன்னுடையது. சனிக்கிழமை நேராகக் கொட்டாரத்துக்கு வந்து சேர். நாங்கள் வரமாட்டோம், நீ தனியாகப் போ. காப்பி கொடுப்பார்கள், அதற்கு முன்னால் சொல். எங்க அம்மை ஜெயிலில் இருந்தாள் என்று சொல். மெல்ல முணுமுணுக்காதே மக்கா, அடுக்களையில் நிற்கிறவளுக்கும் கேட்கும்படி சொல்.

இப்படிக்கு,
கொழும்பு ஜெயிலில் ஒரு மாதம் இருந்த
உன் அம்மை